தாஹிராவின் மகளுக்கு நான் இருந்த காவல்

தாஹிராவின் பெண்குழந்தையை ஒஸ்தா மாமியின் பிளேடுக்குக் கொடுத்தது நான்தான்.

அவளுடைய சாச்சி அல்ல. ஊர் அல்ல. பள்ளிவாசல் மரைக்காயர்மார் அல்ல. நான்! அந்தப் பிள்ளையை யாரும் தொடாமல் பார்த்துக்கொள் என்று அழைத்துவரப்பட்டு, அதன் தலைமாட்டில் உட்காரவைக்கப்பட்ட நான்...

இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடம் சொல்லவில்லை, அவர் மௌத்தாகிவிட்டார். தாஹிராவிடம் சொல்லவில்லை, அவள் இன்னும் இருக்கிறாள். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாதவர்களிடம் சொல்வது லேசு என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். அதுவும் லேசாயில்லை. முதல் வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் முற்றம் முழுவதையும் கூட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

சரி. முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் மருத்துவமாதுவாக இருந்தவள். கல்முனைக்கு வடக்கே மருதமுனையில், தறிச்சத்தம் கேட்காத ஒழுங்கையே இல்லாத அந்த ஊரில், குடையும் பையுமாக வீடு வீடாய்ப் போவேன். கர்ப்பிணிகளைப் பார்ப்பேன், பிரசவம் பார்ப்பேன், பிறந்த பிள்ளையை நிறுப்பேன். எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவள் தாஹிரா ஒருத்திதான். அதனால் இங்கேயும் என் பெயர் வேண்டாம்.

பெண்பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் எங்கள் வீடுகளில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அன்று தாய் குளித்துச் சுத்தமாவாள். பிள்ளைக்கு முடி இறக்குவார்கள். அதே நாளில் ஒஸ்தா மாமி வருவாள். ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாவின் மனைவி அவள். ஆண்பிள்ளைக்கென்றால் பந்தல், மாலை, ஊருக்கே சோறு! பெண்பிள்ளைக்குச் சுன்னத்தென்றால் அறைக்கதவு சாத்தப்படும். அவ்வளவுதான். உள்ளே ஓர் அழுகை கேட்கும். பிறகு கதவு திறக்கும், எல்லோரும் பாலும் பழமும் சாப்பிடுவார்கள்.

ஆண்கள் கேட்பதில்லை. பெண்கள் சொல்வதில்லை. சில பிள்ளைகளுக்கு ஒரு கீறலோடு முடிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு அப்படியில்லை. எல்லாம் அந்த மாமியின் கையையும் கண்ணையும் பொறுத்தது. எனக்கும் அப்படித்தான் செய்தார்கள். என் உம்மாவுக்கும் செய்தார்கள். எனக்கு அதில் ஒரு நினைவும் இல்லை. நினைவில்லாததை எதற்குக் கேட்பது என்றுதான் நானும் இருந்தேன்.

சூறாவளி அடித்து ஊரெல்லாம் கூரையில்லாமல் கிடந்த காலத்துக்கு அடுத்த வருடம், ஒரு தாய் தன் பிள்ளையைச் சீலையில் சுற்றிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். சீலை நனைந்திருந்தது. இரத்தம் நிற்கவில்லை. வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். “என்ன நடந்தது?” என்று டாக்டர் கேட்டார். தாய் தலையைக் குனிந்துகொண்டு, “கட்டிலால விழுந்த” என்றாள்.

நாற்பது நாள் பிள்ளை கட்டிலால் விழுந்தால் அந்த இடத்திலா காயம் வரும்? டாக்டர் என்னைப் பார்த்தார். வெள்ளை உடுப்பில் நின்ற நான், “ஓம் டாக்டர்” என்று தலையாட்டினேன்! பிள்ளை பிழைத்தது. அல்லாஹ்வின் காவல். அன்று பின்னேரமே பக்கத்து வளவுக்குப் போய்த் தாஹிராவிடம் சொன்னேன்.

தாஹிரா பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவள். நாக்கு நீளம் என்று ஊரில் பெயர். நான் சொல்லி முடித்த பிறகு கேட்டாள்:

“உனக்கும் செய்ததுதானேகா? எனக்கும் செய்ததுதானே? நம்மட்ட ஆராவது கேட்டதா?”

“நாப்பது நாள் புள்ளைட்ட என்னத்தக் கேக்கிற?”

“அதத்தான் நானும் சொல்றன். கேக்க ஏலாத புள்ளைட உடம்புல ஏன் கை வெக்கிற? அது அவட உடம்பு. அவ வளந்து வந்து, எனக்கு இது வேணுமெண்டு சொல்லட்டும். மறுகா செய்யட்டும்.”

இதுதான் எங்கள் தொடக்கம். சங்கம் இல்லை, கூட்டம் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. இரண்டு பெண்கள். மனித உரிமை என்ற சொல்லெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. தாஹிராவின் அந்தக் கேள்விதான் எங்களிடம் இருந்த ஒரே சாமான்: புள்ளைட்டக் கேட்டயா?

வழி ஒன்றைக் கண்டுபிடித்தோம். மறுத்துக் கதைத்தால் சண்டை வரும். அதனால் நாளைத் தள்ளிப்போடுவது. பிரசவம் நடந்த வீட்டுக்கு நான் எப்படியும் போகவேண்டும். நாற்பது நெருங்கும்போது, “புள்ளைக்கு ஊசி போட்டிருக்கு, இப்ப உடம்புல காயம் கூடாது, கொஞ்சம் பொறுங்க” என்பேன். மிஸ்ஸி சொன்னால் கேட்பார்கள். பின்னால் தாஹிரா போய்த் தாயோடு தனியே கதைப்பாள். நாற்பது தாண்டிவிட்டால் பாதி வெற்றி. நாள் தப்பிய காரியத்தை மறுபடி எடுக்க எங்கள் பெண்களுக்குக் கூச்சம். ‘மறந்துபோச்சு’ என்று விட்டுவிடுவார்கள்.

ஒரு வீட்டில் பெண்களெல்லாம் தாஹிராவைச் சுற்றியிருந்து சிரித்தார்கள். “நாப்பது நாள் புள்ளைட்டக் கேட்டா அது கீயா கீயா எண்டு கத்தும், டீச்சர்!” என்றாள் ஒருத்தி.

“அப்ப கதைக்கப் பழகும் வரைக்கும் பொறுங்க,” என்றாள் தாஹிரா. “பொம்புளப் புள்ளதானே, எப்படியும் கதைக்கத்தான் போகுது! மறுகா வாயை மூடவெக்கத்தான் நீங்க பாடுபடுவீங்க.”

எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை தப்பியது.

“ஆம்புளப் புள்ளைக்குச் செய்றதையும் நிப்பாட்டப் போறீங்களோ?” என்றும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் தைரியம் இருக்கவில்லை. திரும்பி வரும்போது தாஹிரா மெதுவாய்ச் சொல்வாள்: “ஞாயமாப் பாத்தா அவனிட்டயும் கேக்கத்தான் வேணும். ஆனா அதச் சொன்னா நம்ம ரெண்டு பேரையும் ஊரே சேந்து கடலுக்குள்ள தள்ளிரும்.” அதனால் பெண்பிள்ளைகளோடு நின்றுகொண்டோம். பயத்தை நாங்கள் அன்றே பங்குபோட்டுத்தான் வைத்திருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

சில வருடம் அப்படிப் போனது. தப்பிய பிள்ளைகள் ஒழுங்கையில் ஓடித்திரிவார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். ஆண்டவனே, அந்தச் சந்தோஷம்! அதை நானே கெடுப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் முகத்தில் துப்பியிருப்பேன்.

பிறகு பெட்டிசம் போட்டார்கள். கையெழுத்தில்லாத பெட்டிசம். மிஸ்ஸி மார்க்கத்துக்கு மாறு செய்கிறாள், பெண்களைக் கெடுக்கிறாள் என்று. மேலிடத்தில் அதை யாரும் பெரிதாய் எடுக்கவில்லை. ஆனால் பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்மார் என் கணவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் நாலைந்து தறி வைத்துச் சாரன் நெய்விப்பவர். சண்டைக்காரர் அல்ல. வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அத்தன பேருக்கு முன்னால என்னக் கேட்டாங்க, உன்ட பொண்டாட்டிய அடக்க ஏலாதா எண்டு. நான் என்ன சொல்ற?”

“நீங்க என்ன சொன்ன?”

“ஒண்டும் சொல்லல்ல. தலையக் குனிஞ்சிட்டு வந்த.” தொப்பியை மடித்துக்கொண்டே சொன்னார்: “நீ செய்றது சரியா பிழையா எண்டு எனக்குத் தெரியா. ஆனா நாளைக்கு நம்மட சாரன ஆரும் எடுக்க மாட்டாங்க. அதையும் யோசி.”

அதட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன். அவர் அதட்டவில்லை. அந்தக் குனிந்த தலைதான் என்னை உடைத்தது.

அந்த வாரத்தில்தான் ஒஸ்தா மாமி என் வீட்டுக்கு வந்தாள். அவளை ஒரு பிசாசாக நீங்கள் கற்பனை செய்திருப்பீர்கள். இல்லை. மெலிந்த, வெற்றிலை போடுகிற, பிள்ளைகளைக் கண்டால் கன்னத்தைத் தடவாமல் போகாத ஒரு பெண். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

“மகள், உன்னோட எனக்குக் கோவம் இல்ல. நான் நிப்பாட்டினா வேற ஒருத்தி வருவா. அவட கை எப்படியோ? அண்டைக்கு அந்தப் புள்ளைக்கு ரெத்தம் ஓடினதுக்கு நானும்தான் அழுத. என்னட்ட இருக்கிறது பழைய கத்தி. உன்னட்ட நல்ல பிளேடு இருக்கு, மருந்து இருக்கு. தாவன்? எப்படியும் செய்யத்தானே போறாங்க. புள்ளைக்கு நோவில்லாம முடியட்டும்.”

எப்படியும் செய்யத்தானே போறாங்க!

இந்தச் சொல்லை விடப் பெரிய பொறி ஒன்றை நான் என் ஹயாத்தில் கண்டதில்லை. நான் அதற்குள் நடந்து போனேன். யாரும் தள்ளவில்லை. தொப்புள்கொடி வெட்டுவதற்கென்று என் பையில் இருந்த பிளேடுகளில் சிலவற்றை எடுத்துக் கொடுத்தேன். பஞ்சு கொடுத்தேன். ஸ்பிரிட் கொடுத்தேன். எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கவேண்டும், கையை எப்படிக் கழுவவேண்டும் என்று குசினியில் நின்று பழக்கிவிட்டேன். மரைக்காயர்மாருக்குக் கோபம் தீரும்; கணவர் தலை நிமிர்வார்; இரத்தப்போக்கு இருக்காது. ஒரே கல்லில் எல்லாவற்றையும் அடித்துவிட்ட கெட்டிக்காரி நான்! அன்றிரவு நிம்மதியாய்த் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

தாஹிராவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

என்ன நடந்தது தெரியுமா? ‘மிஸ்ஸிட பிளேடு’ என்று ஒரு பெயர் வந்துவிட்டது. “இப்ப ஆஸ்பத்திரி முறையிலதான் செய்றாங்க, ஒரு பயமும் இல்ல” என்று பெண்கள் கிணற்றடியில் கதைத்தார்கள். பயந்துபோய் விட்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். நாளைத் தள்ளிப்போடச் சொன்னால், “உங்கட பிளேடுதானே மிஸ்ஸி, காயம் ஆறாதா?” என்று என்னையே கேட்டார்கள்.

நாங்கள் காப்பாற்றிய வீடு ஒன்று இருந்ததல்லவா... பெண்கள் வயிறு குலுங்கச் சிரித்த வீடு. அங்கே இரண்டாவதும் பெண். இரண்டாவதுக்குச் செய்யும்போது மூத்தவளையும் இழுத்து வந்து சேர்த்துச் செய்துவிட்டார்கள். அவள் அப்போது வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை. கேட்டார்களா? வேண்டாம் வேண்டாம் என்று அவள் சொன்னது ஒழுங்கை முழுக்கக் கேட்டதாம். எனக்குச் சொன்னார்கள். நான் அன்று வேறு ஒழுங்கையில் ஒரு பிள்ளையை நிறுத்துக்கொண்டிருந்தேன்.

“ஏன்கா திரும்பக் கூடுது?” என்று தாஹிரா என்னைக் கேட்டாள். அவள் முகம் சோர்ந்திருந்தது. “நாம எங்க பிழை விட்ட?”

“தெரியாகா,” என்றேன்.

இந்தக் காலத்தில்தான் தாஹிராவுக்குப் பிள்ளை உண்டானது. கலியாணம் முடித்து எவ்வளவோ காலம், வயிறு திறக்காத ஏச்செல்லாம் கேட்டு, இனி இல்லை என்று எல்லோரும் கைவிட்ட பிறகு! நான்தான் பிரசவம் பார்த்தேன். பெண்பிள்ளை. ரிஹானா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியதும் தாஹிரா சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? “இவள்ல ஒருத்தரையும் கை வெக்க விட மாட்டன்.” நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, “ஓம்” என்றேன்.

தாஹிராவுக்குத் தாய் இல்லை. அவளை வளர்த்தது அவளுடைய உம்மாவின் தங்கை, ஹவ்வா சாச்சி. அந்த வீட்டில் சாச்சி சொன்னதுதான் சட்டம். தாஹிரா சாச்சியோடு சண்டை பிடித்தாள், அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் சாச்சி, “உன்ட புள்ள, உன்ட விருப்பம்” என்று வாயை மூடிக்கொண்டாள். தாஹிராவுக்கு அந்த மௌனத்தில் நம்பிக்கை வரவில்லை. கணவன் வீட்டில் இல்லை. நெல் வெட்டுக்காலம், சவளக்கடைப் பக்கத்து வயலில் வாடிக்குடிசையோடு கிடந்தான்.

நாற்பதுக்கு முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மத்த நேரமெல்லாம் புள்ள என்ட மடியிலதான் இருக்கும். நான் குளிக்கப் போற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குப் பயம். நீ வந்து புள்ளையோட இரு. நீ இருந்தா நான் பயமில்லாமக் குளிப்பன்.”

காலையிலேயே போனேன். வளவின் பின்பக்கம் கிணற்றடியில் கிடுகு மறைப்புக் கட்டி, அண்டாவில் மஞ்சளும் இலைகளும் போட்டுத் தண்ணீர் காய்ச்சியிருந்தார்கள். நாற்பதாம் நாள் குளிப்பு சும்மா குளிப்பல்ல. எண்ணெய் வைத்து, ஊறவைத்து, துஆ ஓதி, அயல் பெண்கள் ஒவ்வொருவராய் வார்த்து முடிய நேரம் எடுக்கும். தாஹிரா பிள்ளையை என் மடியில் தந்தாள். நெற்றியில் கொஞ்சினாள். போகும்போது திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இருந்த நம்பிக்கை... அதை எழுத எனக்கு வரவில்லை.

அவள் போய் முதல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அறைக்கதவு திறந்தது. சாச்சி வந்தாள். பின்னால் ஒஸ்தா மாமி.

எனக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டேன். அதுவரைக்கும் நான் நல்லவள்தான். “சாச்சி, தாஹிரா விரும்பல்ல,” என்றேன்.

சாச்சி கதவைச் சாத்திவிட்டு வந்து என் முன்னால் பாயில் உட்கார்ந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

“நாளைக்கு இவள் கொமராகி, மாப்புள ஊட்டுப் பெண்டுகள் கதச்சா ஆரு பதில் சொல்ற, மகள்? தாஹிராவா? நீயா? நானும்தான் இவள்ல உசிர வெச்சிருக்கன். புள்ளைக்குக் கேடு செய்யவா நான் வாறன்?”

“ஆனா சாச்சி...”

“நீ குடுத்த பிளேடுதானே? ஊரில உள்ள புள்ளைகளுக்கெல்லாம் அது நல்லம். இந்தப் புள்ளைக்கு மட்டும் கூடாதா? கூடாதெண்டா என்னத்துக்குக் குடுத்த? தாஹிராவக் கூப்பிட்டுக் கேப்பமா?”

அவள் மிரட்டவில்லை. அல்லாஹ் சாட்சி, அவள் உண்மையாகவே கேட்டாள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் தாஹிரா இருந்தாள். “தாஹிரா!” என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால், ஈரச்சீலையோடு ஓடி வந்திருப்பாள். பிள்ளை தப்பியிருக்கும். என் களவு வெளிப்பட்டிருக்கும். அவ்வளவுதான் விலை!

ஒஸ்தா மாமி மடியிலிருந்த துணிமுடிச்சை அவிழ்த்தாள். என் வாய் திறந்தது. என்ன வந்தது தெரியுமா? ‘வேண்டாம்’ என்ற சொல் வரவில்லை. ‘தாஹிரா’ என்ற சொல் வரவில்லை.

“கொதிக்க வெச்சீங்களா?” என்று கேட்டேன்.

“ஓம் மகள், இப்பதான், நீ சொன்ன மாதிரியே,” என்றாள் ஒஸ்தா மாமி. நல்ல மாணவியைப் போல.

“கையயும் கழுவுங்க,” என்றேன்.

அதோடு முடிந்தது. அனுமதி என்று வேறு என்ன இருக்கிறது? சாச்சி கைநீட்டினாள். நான் பிள்ளையைக் கொடுத்தேன். யாரும் பறிக்கவில்லை. “சுடுதண்ணி எடுத்திட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். அடுப்புக்கு முன்னால் நின்றேன். கேத்தலில் தண்ணீர் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு திரும்ப எனக்கு ஒரு தடையும் இருக்கவில்லை. ஆனாலும் நின்றேன்... அந்த அழுகை கேட்கும்வரை நின்றேன்.

தாஹிராவுக்கும் அது கேட்டது. தலைமுடியில் எண்ணெயும் தண்ணீரும் வழிய, மேலில் ஒரு சீலையை அள்ளிச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். கதவைத் தள்ளினாள். பார்த்தாள். நாக்கு நீளமென்று பெயரெடுத்த தாஹிரா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சாச்சியின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

குசினி வாசலில் கேத்தலோடு நின்ற என்னைச் சாச்சி பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் அந்த இடத்தில் என்னை நிர்வாணமாக்கியிருக்கலாம். செய்யவில்லை. “மிஸ்ஸிட பிழை இல்ல,” என்றாள். “அவ குசினிக்குப் போன நேரம் பாத்து நான்தான் செய்வித்த. ஏசுறதெண்டா என்ன ஏசு.”

ஏன் அப்படிச் சொன்னாள்? என்மேல் இரக்கமா? இரண்டு சிநேகிதிகளைப் பிரிக்கக்கூடாது என்ற நல்லெண்ணமா? அந்த நல்லெண்ணத்தை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தாஹிரா தலையை என் மடியில் வைத்து அழுதாள். “நீ உள்ளுக்கு இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாய்,” என்றாள். “எனக்குத் தெரியும்கா. நீ விட்டிருக்க மாட்டாய்.”

நான் அவள் ஈரத்தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சாச்சி எல்லோரிடமும் சொன்னாள். காயம் சுத்தமாக ஆறியது. நான் தினமும் போய்ப் பார்த்தேன், மருந்து வைத்தேன். என் வேலை எப்போதும் சுத்தம்!

அதன்பிறகு தாஹிரா ஒரு வீட்டுக்கும் வரவில்லை. கூப்பிட்டேன். “என்ட புள்ளையையே காக்க ஏலாத நான், மத்தவங்களுக்கு என்னத்தச் சொல்ற?” என்றாள். தனியாக நானும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? ஒஸ்தா மாமிக்குப் பிளேடு கொடுப்பதை நிறுத்திக்கொண்டேன். பெரிய காரியம்! அதற்குள் அவள் கல்முனைக் கடைத்தெருவில் தானே வாங்கப் பழகியிருந்தாள். நான் கற்றுக்கொடுத்தபடி கொதிக்கவைத்துத்தான் செய்தாள், கடைசிவரை.

காலம் கெட்டது. ஊர்களுக்கிடையே சண்டை, வீதியில் தடை, திடீர் திடீரென்று ஊரடங்கு. இருட்டினால் ஒருவரும் வெளிக்கிடாத நாட்கள். அந்தக் கலவரத்துக்கு நடுவே ஒஸ்தா மாமி படுக்கையில் விழுந்து மௌத்தானாள். தாஹிராவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. அதுவும் பெண்.

நாற்பது நெருங்கியபோது தாஹிரா தானாக என் வீட்டுக்கு வந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல் கதைத்தாள்.

“சாச்சி வேற ஊரில ஒருத்திய வரச்சொல்லியிருக்கா. அவட கை எப்படியெண்டு ஒருத்தருக்கும் தெரியா. ரோட்டும் அடிக்கடி பூட்டு. புள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் ஏலாது.” பிள்ளையின் துணியை இழுத்து மூடினாள். “நீயே செய்துவிடு.”

நான் அவளைப் பார்த்தேன்.

“எப்படியும் செய்யத்தானே போறாங்க,” என்றாள் தாஹிரா. “உன்ட கையெண்டா எனக்குப் பயமில்ல. உன்ன விட்டா இந்த ஊரில எனக்கு ஆரு இருக்கா?”

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் சொல்லவந்ததே இதைத்தான். ரிஹானாவைக் கொடுத்தது பயத்தில் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்த இடத்தில் அந்தச் சாக்கும் இல்லை.

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? “தாஹிரா, அண்டைக்கு நான் குசினிக்குப் போகமுதலே நான்தான் புள்ளையத் தூக்கிக் குடுத்த” என்று சொல்லியிருந்தால்? அவள் எழும்பியிருப்பாள். என்னை அடித்திருப்பாள். அந்தப் பழைய தாஹிரா திரும்பி வந்திருப்பாள்! ஊரும் சாச்சியும் சேர்ந்து வென்றுவிட்டார்கள் என்று நினைத்துத்தான் அவள் சோர்ந்துபோயிருந்தாள். ஊர் வெல்லவில்லை, பக்கத்தில் இருந்த ஒரு கோழை விற்றுவிட்டாள் என்று தெரிந்தால், அந்தக் கோபத்திலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வயல் வாடிக்காவது போயிருப்பாள். அந்தக் குழந்தை தப்பியிருக்கும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே அவள் முகத்தைப் பார்த்தேன். என்னை வெறுக்காத அந்த முகம் எனக்கு வேண்டியிருந்தது.

“சரி, புள்ளையத் தா,” என்றேன்.

செய்தேன். என் கையால். சாச்சி கூட வரவில்லை. நானும் தாஹிராவும் பிள்ளையும் மட்டும். செய்வதுபோல் நடித்துவிட்டு ஒரு சொட்டு சிவப்பு மருந்தைப் பஞ்சில் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்த யோசனை எனக்கும் வந்தது... எல்லாம் முடிந்து, தாஹிரா போய், நான் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது.

இப்போது நான் பென்சன்காரி. அந்த இரண்டு பெண்களும் ஊரில்தான் இருக்கிறார்கள். என்னைக் கண்டால் சலாம் சொல்வார்கள். அவர்களுக்கு நினைவில்லை. நினைவில்லாததை எப்படிக் கேட்பார்கள்? நோன்புக்கு நோன்பு முதல் கஞ்சி தாஹிரா வீட்டிலிருந்துதான் எனக்கு வரும். அவளாகவே தூக்குச்சட்டியில் கொண்டுவருவாள். உண்மையை இன்று சொல்லலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இப்போது சொன்னால் ஒரு பிள்ளையும் தப்பாது. அவளுக்கு இன்னொரு காயம்தான் மிஞ்சும். இது நியாயமா, கோழைத்தனம் போட்ட புதிய சட்டையா? எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

போன நோன்பில் கஞ்சியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அஞ்சு வக்துத் தொழுகையிலயும் உனக்காக துஆக் கேக்கன்கா. என்ட புள்ளைகளுக்கு நீ செய்த உபகாரத்துக்கு அல்லாஹ் உன்ன நல்லா வெக்கட்டும்.”

அப்படிச் சொன்னால் ஆமீன் சொல்லவேண்டும். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஆமீன் என்றேன்.